அடிக்கு ஒரு காரணம் வேண்டும்

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் தியேட்டர் உரிமையாளர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தது. முதல் காட்சி முடிந்து வெளியே வரும் ரசிகர்களிடம் மைக்கை நீட்டும் யூடியூப் சேனல்களை இனி வளாகத்துக்குள் விடக் கூடாது என்றது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ போன்ற படங்களை இந்தக் கருத்துகள் பாதித்துவிட்டன என்பது சங்கத்தின் வாதம். அடுத்த சில நாட்களில் தயாரிப்பாளர்களின் இன்னொரு அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படம் வெளியாகி மூன்று நாட்கள் வரை இணையத்தில் விமர்சனமே வரக் கூடாது என்று தடை கேட்டது. விமர்சனம் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று சொல்லி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது.

வழக்கு அப்படிப் போனது நல்லது. ஆனால், அந்த மைக்கின் முன்னால் நின்று பேசுகிறவர் யார், அவர் என்னதான் சொல்கிறார் என்பதை யாரும் பொறுமையாகக் கேட்டதாகத் தெரியவில்லை. சேலம், நாமக்கல் பக்கத்தில் அவர் பெரும்பாலும் தறிக்காரர், லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவர், கோழிப்பண்ணையில் கணக்கு எழுதுகிறவர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போய்விட்டுப் பண்டிகைக்கு ஊர் திரும்பியவர். நான்கு பேராகக் குடும்பத்தோடு டவுனுக்கு வந்து ஒரு படம் பார்த்தால் ஏறக்குறைய ஒரு நாள் கூலி போய்விடும். அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு அவர் சொல்லும் இரண்டு வரிக் கருத்தில் இன்றைய தமிழ் சினிமாவுக்குத் தேவையான பாடம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சத்தத்தைக் குறைக்கச் சொன்னது யார்?

‘கங்குவா’ 2024 நவம்பர் 14இல் வந்தது. முதல் நாளே பார்த்தவர்கள் சொன்ன முதல் குறை, காது வலிக்கிறது என்பது. இரண்டாவது குறை, முதல் அரை மணி நேரம் ஒட்டவில்லை என்பது. படத்தின் நாயகன் சூர்யாவின் மனைவி ஜோதிகாவே தன் பதிவில் இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டார். படத்தின் தயாரிப்பாளர் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டும்படி தியேட்டர்களிடம் கேட்டுக்கொண்டார். சில நாட்களில் படத்தில் சுமார் 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. அதற்கு முன்பு ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’ படத்திலும் இதே போல 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. செப்டம்பரில் வந்த ‘மெய்யழக’னில் சுமார் 18 நிமிடங்கள்.

இத்தனை மாற்றங்களையும் செய்ய வைத்தது எது? தொழில்முறை விமர்சகர்கள் மட்டும் அல்லர். தியேட்டர் வாசலில் நின்று, “ரெண்டாவது பாதி இழுக்குதுங்க”, “ஒரே கத்தலா இருக்குதுங்க” என்று சொன்ன ஆட்களும்தான். அவர்கள் சொன்னதைக் கேட்டுப் படத்தைத் திருத்துகிறார்கள். பிறகு அவர்களையே பேச விடக் கூடாது என்கிறார்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை.

காசு வாங்கிக்கொண்டு படத்தைத் திட்டுகிறவர்களும், நடிகர்களின் உடலையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கட்டும். ஆனால், சாதாரணப் பார்வையாளரின் கருத்து அந்த வகையைச் சேர்ந்தது இல்லை. அவர் படத்தை வெறுத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையோடுதான் டிக்கெட் எடுக்கிறார்.

ஏற்காடு சாலை சொல்லித்தரும் பாடம்

எங்கள் பகுதிக்கு இதைப் பேச ஓர் உரிமை இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்று பெயர் பொறித்த நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1935இல் அங்கே ஸ்டுடியோ தொடங்கினார். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் அவருடைய நிறுவனத்தின் தயாரிப்புகள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அந்த நிறுவனம் எடுத்தது. சுந்தரம் 1963இல் மறைந்த பிறகும் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) என்று துப்பறியும் சண்டைப் படங்களை எடுத்துத் தள்ளியது.

அதாவது, ஆக்‌ஷன் படம் எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் தாத்தா காலத்திலேயே எங்கள் ஊரில் தயாரான சரக்கு அது. அந்தச் சரக்கில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

1950இல் வந்த ‘மந்திரிகுமாரி’யை எடுத்துக்கொள்வோம். கதை வசனம் மு.கருணாநிதி, இயக்கம் எல்லிஸ் ஆர்.டங்கனும் சுந்தரமும். குண்டலகேசியின் கதையிலிருந்து எடுத்த கரு. தளபதியாக எம்.ஜி.ஆர். இருந்தும், பார்த்தவர்கள் மறக்காத காட்சி அவருடையது அல்ல. கொள்ளைக்காரனான கணவன் பார்த்திபன், மனைவி அமுதவல்லியை மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான். உன்னைத் தள்ளிவிடத்தான் கூட்டி வந்தேன் என்கிறான். கடைசி ஆசையாகக் கணவனை மூன்று முறை சுற்றி வந்து வணங்க அனுமதி கேட்கிறாள் அவள். சுற்றுகிறாள். மூன்றாவது சுற்றில் அவன் முதுகுக்குப் பின்னால் வந்ததும் தள்ளிவிடுகிறாள். துப்பாக்கி இல்லை, குண்டுவெடிப்பு இல்லை. ஒரே ஒரு தள்ளல். ஆனால், அந்தத் தள்ளலுக்குப் பின்னால் ஒரு கல்யாணம், ஒரு நம்பிக்கை, ஒரு துரோகம் எல்லாம் இருக்கின்றன. அவளும் அதற்குப் பிறகு நிம்மதியாக வாழ்ந்துவிடுவதில்லை. அதற்கான விலையைக் கொடுக்கிறாள்.

சண்டைக்கு முன்னால் காரணம், சண்டைக்குப் பின்னால் விலை. இந்த இரண்டும் இருந்தால்தான் திரையில் விழும் அடி நாற்காலியில் இருப்பவனுக்கு வலிக்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் இதைத் தெரிந்துவைத்திருந்தது. அதனால்தான் கருணாநிதி, கண்ணதாசன், மருதகாசி, கா.மு.ஷெரீப் என்று எழுதத் தெரிந்தவர்களைச் சேலத்துக்கு வரவழைத்தது.

குப்பைத்தொட்டிக்காக ஒரு புகார்

கடந்த சில ஆண்டுகளில் எங்கள் பக்கத்து மக்கள் கொண்டாடிய ஆக்‌ஷன் படங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் இதே இரண்டு இருக்கும்.

‘விக்ரம்’ (2022) படத்தில் எத்தனையோ துப்பாக்கிகள் வெடித்தன. ஆனால், தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது ஒரு வேலைக்கார அம்மாவுக்கு. அதுவரை பேசாமல் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவர், குழந்தைக்கு ஆபத்து என்றதும் கையில் கிடைத்த முள்கரண்டியோடு இறங்கினார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அவரைச் சாதாரண மனுஷியாகக் காட்டியதுதான் அந்தச் சண்டையின் பலம். மாறாக, ‘லியோ’வில் (2023) காபி கடைக்காரர் குடும்பத்துக்காகப் பயந்து நடுங்கிய வரை ஒன்றியிருந்தவர்கள், பழைய கதை தொடங்கியதும் தளர்ந்து உட்கார்ந்தார்கள். காரணம் பலவீனமானதும் சண்டையும் பலவீனமாகிவிட்டது.

‘மகாராஜா’ (2024) இன்னும் நல்ல உதாரணம். முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் போலீஸ் நிலையத்துக்கு வந்து, “லட்சுமியைக் காணோம்” என்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி என்று தெரிந்ததும் போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், துரத்துகிறார்கள். அவர் மறுபடியும் வந்து நிற்கிறார். வீட்டுக்குள் லாரி புகுந்த அன்று, குழந்தை மீது கவிழ்ந்து உயிரைக் காப்பாற்றியது அந்தத் தொட்டிதான் என்று ஒரு விளக்கம் தருகிறார். பார்க்கிற நாமும் முதலில் போலீஸ்காரர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். அவர் எதற்காக வந்தார் என்பது மெல்ல மெல்லத் தெரியும்போது, சிரித்த வாய் மூடிக்கொள்கிறது. நித்திலன் சாமிநாதன் எழுதிய அந்தத் திரைக்கதையில் விஜய் சேதுபதி அடிக்கிற ஒவ்வோர் அடிக்கும் கணக்கு இருக்கிறது. அந்தப் படம் பிறகு சீனாவிலும் திரையிடப்பட்டது.

அதிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைத் திருப்பத்துக்கான முடிச்சாக வைத்திருக்கிறார்கள். படம் முடிந்து வெளியே வந்த பெண்கள் பலர், ஆண்கள் பேசிய அளவு உற்சாகமாக அதைப் பேசவில்லை. அந்த மௌனத்தையும் ஒரு விமர்சனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘அமரன்’, 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. முடிவு என்ன என்று தெரிந்தே எல்லோரும் போனார்கள். இருந்தும் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. துப்பாக்கிச் சண்டைகளை நன்றாக எடுத்திருந்தார்கள். ஆனால், மக்கள் வெளியே வந்து பேசியது சாய் பல்லவியைப் பற்றி. ஃபோனில் கணவனின் குரலுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி. வருடத்தில் பாதி நாள் லாரியிலும் ரிக்கிலும் வெளிமாநிலங்களில் இருக்கும் ஆண்களின் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் காத்திருப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கை கூடினால் வலி குறையும்

இதற்கு நேர்மாறாகப் போகும் படங்கள்தான் இன்று பெரிய முதலீட்டில் வருகின்றன. எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ண முடியாத சண்டைகள், வெட்டிச் சாய்த்த பிறகு மெதுவாக நடந்து வரும் கதாநாயகன், பின்னால் காதைக் கிழிக்கும் பின்னணி இசை. செத்தவர்களுக்குப் பெயரில்லை, குடும்பமில்லை, போலீஸ் விசாரணைகூட இல்லை. பத்துப் பேர் செத்தபோது பதறிய மனசு, நூறு பேர் செத்ததும் மரத்துப்போகிறது.

1987இல் மணி ரத்னமும் கமல் ஹாசனும் தந்த ‘நாயகன்’ இதற்கு எதிர்த்திசையில் நின்ற படம். வேலு நாயக்கர் ஒரு போலீஸ் அதிகாரியைக் கொல்கிறார். அந்த அதிகாரியின் மகன் அவர் கண் முன்னாலேயே வளர்கிறான். கடைசியில் அவன் கையாலேயே அவர் சாகிறார். ஒரு கொலைக்கு ஓர் ஆயுள் முழுக்க வட்டி கட்டுகிற கதை அது. 38 ஆண்டுகள் கழித்து அதே கூட்டணி 2025 ஜூனில் ‘தக் லைஃப்’ படத்தோடு வந்தபோது, எதிர்பார்ப்போடு போன தலைமுறை ஏமாந்து திரும்பியது. தொழில்நுட்பத்தில் குறையில்லை, நடிப்பிலும் குறையில்லை. யார் யாரை ஏன் சுடுகிறார்கள் என்பதில்தான் மனசு ஒட்டவில்லை.

ரத்தம் கூடியதில் இன்னொரு விளைவும் உண்டு. தலையைத் துண்டாக்கும் காட்சி இருந்தும் ‘ஜெயிலர்’ (2023) யு/ஏ சான்றிதழோடு வந்தது. 2025 ஆகஸ்ட் 14இல் வந்த ‘கூலி’க்கு ஏ சான்றிதழ். தயாரிப்பு நிறுவனம் உயர் நீதிமன்றம் வரை போயும் அது மாறவில்லை. சுதந்திர தின விடுமுறையில் ரஜினி படத்துக்குப் பிள்ளைகளோடு போவது எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குத் திருவிழா மாதிரி. அந்தக் குடும்பங்களுக்குக் கதவு அடைபட்டது. தணிக்கை அதிகாரிகளை நான் குறை சொல்லமாட்டேன். 7, 13, 16 வயது என்று யு/ஏ பிரிவையே மூன்றாகப் பிரித்துப் புது விதி வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு எது ஏற்றது என்று பெற்றோர் முடிவு செய்ய அது உதவும். எந்தப் பிரிவிலும் அடங்காத அளவுக்கு ரத்தம் எதற்கு என்று யோசிக்க வேண்டியவர்கள் படம் எடுப்பவர்கள்.

காசிபுரமும் ராசிபுரமும்

திரைச் சண்டையின் காரணத்தையும் விலையையும் நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு எங்கள் மண் சார்ந்த ஒரு காரணம் உண்டு.

2023 ஜூன் 29இல் ‘மாமன்னன்’ வந்தது. சேலம் வட்டாரத்தில் நடக்கும் கதை. வடிவேலு ஏற்ற மாமன்னன், காசிபுரம் தனித் தொகுதியின் எம்.எல்.ஏ. அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு ராசிபுரம்தான் நினைவுக்கு வரும். பல முறை ஜெயித்த அந்த எம்.எல்.ஏ., கட்சியின் மாவட்டச் செயலாளர் ரத்னவேலுவின் முன்னால் நாற்காலியில் உட்காராமல் நிற்கிறார். மகனுக்கு அது பொறுக்கவில்லை. “உக்காருங்கப்பா” என்கிறான். ரத்னவேலு உட்கார விடவில்லை. அந்த ஒரு நாற்காலியைச் சுற்றித்தான் படத்தின் முக்கியமான சண்டை வெடிக்கிறது. இவ்வளவு தெளிவான காரணமுள்ள சண்டைக் காட்சி தமிழில் அபூர்வம்.

ஜூலைக் கடைசியில் படம் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அடுத்த சில நாட்களில் நடந்ததுதான் வேதனை. ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலுவின் காட்சிகளை மட்டும் தனியாக வெட்டி, சாதிப் பெருமை பேசும் பாட்டுகளைச் சேர்த்து, வீர நாயகன்போலச் சமூக ஊடகங்களில் சுற்றவிட்டார்கள். படம் எதைத் தப்பு என்றதோ அதையே பெருமையாக மாற்றிக்கொண்டார்கள்.

இது நடந்தது எந்த மண்ணில் என்று யோசிக்க வேண்டும். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர், வேறு சாதிப் பெண்ணோடு பேசினார் என்பதற்காகத் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அந்த வழக்கில் 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இப்படி ஒரு நிஜம் இருக்கும் இடத்தில், திரையில் வரும் ஆணவத்துக்குக் கைதட்டுவது விளையாட்டில்லை.

ரத்னவேலுவைக் கொண்டாடியது இயக்குநர் மாரி செல்வராஜின் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், வெட்டுகிறவனின் நடையையும் பார்வையையும் பின்னணி இசையையும் ரசிக்கும்படி எடுத்தால், அதில் முப்பது விநாடியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துக்கொள்வார்கள். இன்று படம் எடுக்கிறவர்கள் இதையும் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். பார்க்கிற நமக்கும் பொறுப்பு உண்டு. வீட்டில் பையன் அந்த முப்பது விநாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால், முழுப் படத்தையும் அவனோடு உட்கார்ந்து பார்ப்பது பெற்றோர் செய்யக்கூடிய வேலைதான்.

வில்லன் இல்லாமலும் சண்டை உண்டு

குடும்பக் கதைகள் ஓடாது, டிவி சீரியலுக்குத்தான் அவை லாயக்கு என்று ஒரு பேச்சு இருந்தது. 2024 செப்டம்பரில் வந்த ‘லப்பர் பந்து’ அதை உடைத்துப்போட்டது. ஊர் மைதானத்தில் ரப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடும் இரண்டு ஆண்கள். அவர்களுக்கு இடையில் ஒரு வறட்டு கௌரவம். படத்தில் வில்லனே இல்லை. ஆட்டத்துக்குப் போகாதே என்று சொல்லிச் சொல்லி அலுத்த மனைவி யசோதை, டிராக்டரோடு மைதானத்துக்குள் இறங்குகிறாள். எந்தக் கார் துரத்தலுக்கும் குறையாத ஆக்‌ஷன் அது. எங்கள் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசி வளர்ந்த நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் அறிமுகமானார். அந்த ஊர்க்காரர்களுக்கு ‘லப்பர் பந்து’ கதை என்பதைவிடச் சொந்த ஞாயிற்றுக்கிழமை.

‘மெய்யழக’னில் நீடாமங்கலத்தில் ஓர் இரவு முழுக்க இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) படத்தில் இலங்கையிலிருந்து கள்ளத்தனமாக வந்த குடும்பம் ஒன்று அக்கம்பக்கத்தாரின் அன்பைச் சம்பாதிக்கிறது. அதே மே 1ஆம் தேதி சூர்யாவின் ‘ரெட்ரோ’வும் வந்தது. புது இயக்குநர் அபிஷன் ஜீவிந்தின் சின்னப் படம் அதன் பக்கத்தில் அசராமல் நின்றது. இந்தப் படங்களுக்கு முதல் நாள் பாலாபிஷேகம் கிடையாது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள், கூட்டம் வந்தது.

திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் ‘நிழல்முற்றம்’ நாவலில், தியேட்டரில் வேலை செய்யும் சிறுவர்களின் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். படம் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் அறிகிறவர்கள் சோடா விற்கும் அந்தப் பையன்கள்தான். கூட்டத்தின் முகத்தை அவர்கள் பார்க்கிறார்கள். கோடிகளைக் கொட்டிப் படம் எடுப்பவர்களுக்கும் அந்தப் பார்வை வாய்க்க வேண்டும்.

நாங்கள் கேட்பது

படத்துக்கு நாயகன் எவ்வளவு முக்கியமோ, எழுதுகிறவரும் அவ்வளவு முக்கியம். இயக்குநரே எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டு, எழுத்தாளர்களுக்கு ஊதியமும் அவகாசமும் பெயரும் கொடுங்கள். வெளியான பிறகு 12 நிமிடம், 18 நிமிடம் என்று வெட்டுவதற்குப் பதில், வெளியிடும் முன்பு சேலத்திலோ ஈரோட்டிலோ மதுரையிலோ சாதாரண மக்களை உட்காரவைத்து ஒரு முறை காட்டுங்கள். எங்கே கொட்டாவி விடுகிறார்கள், எங்கே காதைப் பொத்துகிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். அரசு 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. அந்த விலையில் நல்ல இருக்கை கிடைக்கும்படி செய்தால் குடும்பங்கள் திரும்ப வரும்.

பார்வையாளர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்வோம். ஆளைத் திட்ட வேண்டாம். பிடித்தால் அதை அன்றைக்கே நாலு பேரிடம் சொல்வோம். ஏனென்றால், விளம்பரத்துக்குக் காசில்லாத சின்னப் படத்தின் உயிர் முதல் மூன்று நாட்களில்தான் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கூட்டம் சேரவில்லை என்றால் தியேட்டர் அதைத் தூக்கிவிடும். அந்த மூன்று நாட்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற தடை வந்திருந்தால், பெரிய படங்கள் எப்படியும் முன்பதிவில் பிழைத்துக்கொள்ளும். அடுத்து வரவிருக்கும் ‘லப்பர் பந்து’களும் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’களும்தான் சத்தமில்லாமல் செத்துப்போகும். தியேட்டர் வாசலில் நிற்கும் சாதாரண மனிதரின் வாயை மூடுவது நல்ல சினிமாவின் கழுத்தை நெரிப்பதுதான். தமிழ் சினிமா பிழைக்க வேண்டும் என்று நினைக்கிற தயாரிப்பாளர்கள் அந்த மைக்கைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் நீட்ட வேண்டும்.